மூணாம் பாட்டில அடிக்கிறது பறையா, மத்தளமா?

மத்தளப் பேரன்: கொம்பனி ஒண்டும் இல்லாம நம்மட பொடியனுகள் நாலு பேர் சொந்தக் காசில போட்ட புது ஹிப்ஹொப் அல்பத்துக்கு நேத்து ஒரு விமர்சனம் வாசிச்சன். ஒன்பது பாட்டும் துள்ளல், நல்லாத்தான் இரிக்கு. ஆனா எழுதினவர் "மூணாம் பாட்டில பறை முழங்குது" எண்டு போட்டிருக்கார். அது பறை இல்ல. மத்தளம். கூத்து மத்தளம். காது இரிக்கிற ஆக்கள் 40வது செக்கன்ல கேளுங்க.

வாவிக்கரை: எழுதினது நான்தான். பழந்தமிழ்ல பறை எண்டா எல்லா மேளத்துக்கும் பொதுப்பேர். ஒன்பது பாட்டில உங்களுக்கு இந்த ஒரு சொல்லுத்தானா அம்பிட்டது?

மத்தளப் பேரன்: பொதுப்பேரா? அப்ப தோணியையும் றெயிலையும் வண்டி எண்டே எழுதுங்க. மத்தளம் கையால அடிக்கிறது, பறை கம்பால அடிக்கிறது. 40வது செக்கன்ல முதல் விரல் விழுது, மறுகா உள்ளங்கை பதியுது, பின்னால சல்லரித் தாளம். என்ட மூத்தப்பா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். கூத்துக் களரியில சல்லரிச் சத்தத்திலேயே நித்திர கொண்டு வளந்தவன் நான்.

சொர்ணாளி: பறை எண்ட சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோவம்? எங்கட ஆக்கள் அடிச்சா செத்தவீட்டு மேளம், உங்கட மூத்தப்பா அடிச்சா கலை. இந்தக் கதைய நாங்க சின்னனில இருந்து கேக்கம்.

மத்தளப் பேரன்: சாதி ஆர் கதைச்சது? நான் கருவி கதைக்கன். பறைய மத்தளம் எண்டு எழுதி இருந்தாலும் இதே சண்டைதான் பிடிச்சிருப்பன்.

சொர்ணாளி: பிடிச்சிருக்க மாட்டீங்க. பறைமேளக் கூத்தப் பத்தி இஞ்ச எப்பயாவது ஒரு வரி எழுதினீங்களா?

ஹெட்போன்: அது ரெண்டும் இல்ல. ஒரு அடிய வெட்டி லூப் போட்டிருக்கானுகள், மயிரிழை மாறாம திரும்பத் திரும்ப வருது. ஹிப்ஹொப் தொடங்கினதே அப்பிடித்தான். 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க் பிராங்ஸ்ல டீஜே கூல் ஹேர்க் ரெண்டு இசைத்தட்ட வச்சு, மேளம் வாற இடத்த மட்டும் நீட்டி ஓட்டினவர்.

மத்தளப் பேரன்: வெட்டினா என்ன? வெட்ட முதல் அது மத்தளந்தானே.

அக்கரைப்பற்றான்: நீங்க மூணாம் பாட்டிலயே நில்லுங்க. ஐஞ்சாம் பாட்டு முழுக்க எங்கட முஸ்லிம் ஆக்கள்ட றபான் மேளம் போகுது, ஒருத்தரும் வாய் திறக்கல்ல. நாலு பேரில ரெண்டு பேர் அம்பாறைப் பக்கம். விமர்சனத்தில "மட்டக்களப்பு இளைஞர்கள்". எப்பவும் இப்பிடித்தான்கா.

வாவிக்கரை: 1961 வரைக்கும் அம்பாறையும் மட்டக்களப்புக்குள்ளதான் இருந்தது.

அக்கரைப்பற்றான்: பிரிஞ்சு 60 வருசத்துக்கு மேல. விபுலானந்தரையும் இப்பிடித்தான் எடுத்துக்கொண்டீங்க. அவர் பிறந்த காரைதீவு இப்ப எந்த மாவட்டம், சொல்லுங்க பாப்பம்.

மத்தளப் பேரன்: விபுலானந்தர் ஆருக்கும் சொந்தமாகட்டும். 1947ல யாழ்நூல் வந்தது. வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் எண்டு பேர் பேரா பிரிச்சு எழுதினார் மனிசன். "ஏதோ நரம்புக் கருவி" எண்டு எழுதிட்டுப் போகல்ல. அந்த மண்ணில இருந்துகொண்டு மத்தளத்தப் பறை எண்டு எழுதுறீங்க.

வயல்காரி: எனக்கு மேளம் எதெண்டாலும் ஒண்டுதான். 2004 டிசம்பர் 26 எங்கட வளவ வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போன கடல். அதே கரையில நிண்டு கும்மாளப் பாட்டு. நாட்டில நடந்த சண்டையப் பத்தியும் ஒரு வரி இல்ல. இதெல்லாம் ஹிப்ஹொப்பா?

ஹெட்போன்: அக்கா, கூல் ஹேர்க் அண்டைக்குப் போட்டதும் கொண்டாட்டந்தான். தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு உடுப்பு வாங்கக் காசு சேக்க வச்சது. பொடியனுகள் ஒரு அல்பத்தில சிரிச்சாக் குத்தமா?

வயல்காரி: சிரிக்கிறவனுக்கு அவன்ட வீட்டில ஆரும் போயிருக்க மாட்டாங்க.

ஹெட்போன்: அதில ஒருத்தன்ட தாய் போனது கடலோடதான். தெரியாமக் கதைக்காதீங்க.

மத்தளப் பேரன்: விசயத்துக்கு வாங்க. மூத்தப்பாட மத்தளம் கூரை வளையில தொங்குது. இப்ப இறக்கி, பக்கத்தில போன வச்சு, வலந்தலையில சுண்டிப் பாத்தன். அதே சத்தம். அச்சொட்டா அதே சத்தம்.

வாவிக்கரை: வச்சிருங்க. நான் எழுதினத மாத்த மாட்டன்.

சொர்ணாளி: மாத்தாதீங்க.

அக்கரைப்பற்றான்: றபான்?

மத்தளப் பேரன்: 40வது செக்கன். இன்னொருக்காக் கேளுங்க.