இங்கிலீஷ் ‘கெட்’டுக்கு இத்தனை அர்த்தமா? மனப்பாடம் பண்றதா, வேற வழி இருக்கா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கங்க. வெளிநாட்டு கஸ்டமர்களுக்கு மெயில் அனுப்பற வேலைல இருக்கேன். போன வாரம் ஒருத்தர் ‘ஐ டிடின்ட் கெட் இட்’னு பதில் போட்டார், மெயில் போய் சேரலைன்னு நினைச்சு அதே ஃபைலை மறுபடி அனுப்பினேன், திரும்பவும் அதே பதில், திரும்பவும் அனுப்பினேன். டீம் லீடர் வந்து பாத்துட்டுதான் சொன்னாங்க, ‘மெயில் அவருக்கு வந்துருச்சுப்பா, உள்ள இருக்கற கணக்குதான் புரியலைங்கறார்’னு. அன்னைக்கு ராத்திரியே டிக்‌ஷனரிய வெச்சு கெட்டோட அர்த்தமெல்லாம் நோட்ல எழுத ஆரம்பிச்சேன், நாலு பக்கம் ஆச்சு. தினம் பத்து அர்த்தம் மனப்பாடம் பண்ணலாம்னு இருக்கேன், சரிதானுங்களே?

பழைய வாத்தியார்:
ரொம்ப சரி தம்பி. பல வருஷமா இங்கிலீஷ் எடுக்கறேன், குறுக்கு வழின்னு ஒண்ணு கிடையாது. கெட் பை-ன்னா இருக்கறத வெச்சு சமாளிக்கறது, கெட் ஓவர்-ன்னா ஒரு துக்கத்துலேருந்து மீண்டு வர்றது. இதையெல்லாம் படிக்காம யாரும் ஊகிக்க முடியாது.

மதுரை மீனா:
சார், இதுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்தப் பட்டியல் எங்க போய் முடியும்? ஆக்ஸ்ஃபோர்ட் அகராதில ரன்-ங்கற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் பிரிச்சிருக்காங்க, பீட்டர் கில்லிவர்னு அந்த அகராதியோட தொகுப்பாளர் ஒருத்தர் அந்த ஒரு சொல்லோட ஒம்போது மாசம் உக்காந்தார். அதுக்கு முன்னாடி, 1989 பதிப்புல, செட்-ங்கற சொல்தான் 430 அர்த்தத்தோட முதல்ல நின்னுச்சு. இங்கிலீஷ்காரங்க யாரும் இத உருப்போட்டு பேசல. நம்ம ‘பிடி’ய பாருங்க, பஸ்ஸ பிடிக்கறோம், சளி பிடிக்குது, சம்பளத்துல பிடிச்சுக்கறாங்க, ஒருத்தர பிடிச்சுப்போகுது, எந்தக் குழந்தை இதுக்கு நோட்டு போட்டுச்சு?

தம்பி, கெட்ல பாதி ரெண்டே தமிழ்ச் சொல்லுக்குள்ள வந்துரும். பின்னாடி பொருளோட பேர் வந்தா கிடைக்கறது இல்ல வாங்கறது, டயர்ட், லேட், ஆங்ரி மாதிரி நிலைமைய சொல்ற சொல் வந்தா ஆகறது.

பழைய வாத்தியார்:
‘ஐ காட் மை ஹேர் கட்’, காட்-ங்கறது கெட்டோட இறந்தகாலம்தான், இது உங்க ரெண்டு சொல்லுல எங்கம்மா வருது? கிடைக்கவும் இல்ல, ஆகவும் இல்ல, இன்னொருத்தர செய்ய வெக்கறது. தனியா சொல்லித்தரலைன்னா பையன் பரீட்சைல ‘ஐ கட் மை ஹேர்’னு எழுதிட்டு வருவான்.

மதுரை மீனா:
அவன் ஏன் அப்படி எழுதறான்? நாம ‘முடி வெட்டிட்டு வந்தேன்’னுதான சொல்றோம், வெட்டினது கடைக்காரர். தமிழ் அத சொல்லாம விடுது, இங்கிலீஷ் கெட் போட்டு காட்டுது. இந்த வித்தியாசத்த ஒரு தடவ காட்டிட்டா பையன் மறக்க மாட்டான். ஆனா கெட் பை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், அது தனியாதான் படிக்கணும்.

சொல்லாராய்ச்சி:
கெட் பழைய நார்ஸ் மொழிலேருந்து வந்தது, அத பேசின ஸ்காண்டிநேவியா பக்கத்து வைக்கிங் ஆளுங்க இங்கிலாந்துல குடியேறினப்போ கூடவே வந்த சொல். கைக்கு எட்டறது, அடையறதுதான் மூல அர்த்தம். ஃபர்கெட்லயும் அதே வேர்தான், பிடில இருந்து நழுவ விடறது. கருத்து கைக்கு எட்டினா அதுவும் கெட்தான், நம்ம கஸ்டமருக்கு எட்டாதது அதுதான்.

ஈரோட்டுக்காரன்:
அப்ப அடுத்த தடவ அதே பதில் வந்தா எப்படிங்க கண்டுபிடிக்கறது?

மதுரை மீனா:
அந்த ஒரு வரிய மட்டும் வெச்சு இங்கிலீஷ்காரங்களுக்கே சந்தேகம் வரும். ‘ஃபைல் வரலையா, விளக்கம் புரியலையா’ன்னு ஒரு வரி கேட்டுருங்க. நீங்க எழுதறப்போ ரிசீவ், அண்டர்ஸ்டாண்ட்னு பிரிச்சே எழுதுங்க.

பழைய வாத்தியார்:
இது நல்ல யோசனை, ஒத்துக்கறேன். ஆனா நோட்ட தூக்கி போட்டுறாதீங்க தம்பி.

ஈரோட்டுக்காரன்:
போடலைங்க சார். ‘ஆகறது’ல சேர்றதெல்லாம் இப்பதான் அடிச்சேன், ஒன்றரை பக்கம் போயிருச்சு. மிச்சத்துல கெட் த்ரூ மட்டும் மூணு இடத்துல நிக்குது, போன் லைன் கிடைக்கறது, பரீட்சை பாஸாகறது, கஷ்ட காலத்த தாண்டறது. மூணும் அந்தப் பக்கம் போய் சேர்றதுதானுங்களே, ஒரே வரில எழுதிக்கட்டுங்களா?