கேரளக் கடற்கரை ரோம்ஸ் மாடல்: ஜூலையிலும் குளிர்ந்த நீர் மேலே வரவில்லை

கேள்வி:
ரோம்ஸ் என்ற கடலோட்டக் கணினி மாடலை ஓட்டுகிறேன்: 7–15 வடக்கு, 70–78 கிழக்கு, 5 கி.மீ. கட்டம், ஆழத்தில் 40 அடுக்கு. காற்றுக்கு ஈஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலை மையத்தின் மறுபகுப்பாய்வுத் தரவு), திறந்த எல்லைகளில் (மாடல் பரப்பின் கடல் ஓரங்களில்) மாதச் சராசரிக் கடல் தரவு. கொல்லம் அருகே மாடலின் மேற்பரப்பு வெப்பநிலை செயற்கைக்கோள் காட்டுவதைவிட 2 டிகிரி அதிகம். காற்றை 20% கூட்டியும் பலனில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
காற்றைக் கூட்டாதீங்க, அது தப்பை மறைக்கத்தான் செய்யும். அங்கே மேலெழுச்சிக்கு (ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதற்கு) உள்ளூர்க் காற்று மட்டும் காரணமில்லை. வங்காள விரிகுடாவிலிருந்தும் இலங்கைப் பக்கமிருந்தும் கெல்வின் அலைகள் (கரையோரமாகவே நகரும் நீண்ட கடல் அலைகள்) கரையை ஒட்டியே வருது. அதனால பருவமழைக்கு முன்பே தெர்மோக்ளைன் (மேலுள்ள வெதுநீருக்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடைப்பட்ட அடுக்கு) ஏற ஆரம்பிச்சிடும். மாதச் சராசரி அந்த அலையை மழுக்கிடும். கடல்மட்டம், நீரோட்டம், வெப்பம், உப்பு நான்கையும் எல்லைகளில் தினசரி கொடுங்க. முடிந்தால் கிழக்கு, தெற்கு எல்லைகளை இலங்கையைத் தாண்டித் தள்ளுங்க.

பதில் 2:
மேலே சொன்னதுதான் முதல் வேலை. கூடவே, ஈஆர்ஏ5-இல் கரையோரக் கட்டங்களில் நிலத்தின் மேல் வீசும் பலவீனமான காற்றின் மதிப்பும் கலந்திருக்கும். நிலப் புள்ளிகளை நீக்கி, கடல் மதிப்பால் நிரப்பிவிட்டு மாடல் கட்டத்துக்கு இன்டர்போலேட் (இடைமதிப்பு கணக்கீடு) பண்ணுங்க.

பதில் 3:
மாடலையே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க: காற்று, வெப்பம் இரண்டையும் நிறுத்தி, கிடைமட்டத்தில் ஒரே அடர்த்தி அடுக்கமைப்போடு 30 நாள் ஓட்டுங்க. எல்லைகளையும் மூடிடுங்க. கண்டத்திட்டின் விளிம்பில் நொடிக்கு 5 செ.மீ. ஓட்டம் தெரிந்தால் அது சிக்மா அடுக்கின் (கடல் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் அடுக்கின்) அழுத்தக் கணக்கீட்டுப் பிழை. ஆழ வரைபடத்தை, ஆர்எக்ஸ்0 (பக்கத்துக் கட்டங்களின் ஆழ வித்தியாசத்தைக் காட்டும் சரிவு அளவு) 0.2-க்குக் கீழே வரும்வரை மென்மையாக்குங்க, அதற்கு மேல் மென்மையாக்க வேண்டாம். திட்டின் சரிவே கரைஞ்சிடும்.