பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள்: புதுசாகப் பெயிண்ட் அடிக்கலாமா, அப்படியே விடலாமா?

லம்ப்ராத்தே எழுதியது:

வணக்கம் மக்களே. மிலானில் மூன்று வருஷமாக இருக்கிறேன், சைக்கிளில் எனக்குத் தெரிந்த வேலை பஞ்சர் ஒட்டுவது மட்டும்தான். போன மாதம் கீழ்வீட்டுப் பாட்டி தன் கந்தீனாவைக் காலி செய்ய உதவிக்குக் கூப்பிட்டார் (இங்கே அடுக்குமாடிகளுக்கு அடியில் வீட்டுக்கொரு சின்ன நிலவறை உண்டு, காலி ஒயின் பாட்டிலிலிருந்து உடைந்த நாற்காலி வரை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்). உள்ளே ஆணியில் ஒரு ரேஸ் சைக்கிள் முன்சக்கரத்தை மேலே வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் ஓட்டியது, அவர் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அதன்பிறகு யாரும் தொடவில்லையாம். சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார். மனசு கேட்காமல் 150 யூரோவை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன், கவரைத் திருப்பிக் கொடுத்ததோடு ஒரு டப்பா பிஸ்கட்டும் தந்து அனுப்பிவிட்டார்.

சைக்கிளைப் பற்றி: கரும்பச்சை நிறம், பெயிண்ட் அங்கங்கே உரிந்து துரு தெரிகிறது. கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. சீட் கம்பி நுழையும் குழாயில் புறா படம் போட்ட ஸ்டிக்கர் பாதி கிழிந்து இருக்கிறது, அதில் கொலம்புஸ் என்று படிக்க முடிகிறது. பின் டீரெய்லரில் (செயினைத் தள்ளி கியர் மாற்றுகிற பாகம்) அதைச் செய்த கம்பெனியான கம்பன்யோலோவின் பெயரும், பேட்டண்ட் 78 என்றும் பொறித்திருக்கிறது. அடியில் கிராங்க் (பெடலை மாட்டுகிற கை) அச்சு ஓடும் குழாயில் 56 என்று குத்தியிருக்கிறார்கள், வேறு நம்பர் கிடையாது.

பிரச்சினை மூன்று. பெடல் சுற்றும்போது கல் அரைக்கிற மாதிரி சத்தம் வருகிறது. சீட் கம்பி ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மூன்றாவது, டெலிவரி பையன்களின் எலெக்ட்ரிக் சைக்கிள்களையே நாள் முழுக்கப் பார்க்கிற ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி கிராங்கைக் கழற்றிவிட்டு அதன் அச்சைத் தாங்குகிற வலது பக்கக் கப்பில் ஸ்பேனரை மாட்டி, இந்தப் பக்கம் மரை தலைகீழாக இருக்கும் என்று சொல்லிக் கடிகாரம் சுற்றும் பக்கமாக ஏறி நின்று மிதித்தார். அசையவில்லை. துரு பிடித்து ஒட்டிக்கொண்டது, ஃப்ரேமை மறந்துவிடுங்கள் என்று கைவிரித்தார். உண்மையிலேயே போய்விட்டதா? தப்பித்தால், பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதுசாக அடிக்கலாமா?


கோட்டமெடுப்பவன் எழுதியது:

முதலில் அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகாதீர்கள். அவர் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறார்.

ஆங்கிலேய மரையில் வலது பக்கக் கப்பு தலைகீழாகக் கழலும் என்பது சரிதான். ஆனால் உங்களிடம் இருப்பது இத்தாலிய ஃப்ரேம். இத்தாலிய மரை 36 மி.மீ., அங்குலத்துக்கு 24, இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை. அதாவது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் கழலும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்கேலை எடுத்து அந்தக் குறுக்குக் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. இருந்தால் இத்தாலி, 68 என்றால் பெரும்பாலும் ஆங்கிலேய மரை. இதற்கு மெக்கானிக் படிப்பெல்லாம் வேண்டாம். (இத்தாலிக்காரர்கள் செய்ததிலும் ஒரு கோளாறு உண்டு. வலது கப்பு சாதாரண மரையாக இருப்பதால் மிதிக்க மிதிக்கத் தானே தளரப் பார்க்கும், அதனாலேயே பழைய ஆட்கள் அதை உயிரைக் கொடுத்து இறுக்கி வைப்பார்கள். அதோடு உங்கள் தம்பி மிதித்ததும் சேர்ந்துகொண்டது.)

கழற்றுவதற்கு ஒரு பட்டறை வைஸ் வேண்டும். ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு வையுங்கள். வலது கப்பின் வெளிப்பக்கம் இரண்டு ஓரம் தட்டையாக இருக்கும், அதை வைஸில் கடிக்க வைத்து, ஃப்ரேமையே நீளமான பிடியாக நினைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்பேனர் வழுக்கிக் கையைக் கிழிக்கிற கதை இதில் இல்லை. உள்ளே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். பழசைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள், சில யூரோதான் ஆகும். கப்பிலும் அச்சிலும் குழி விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். பால்பாயிண்ட் பேனா முனையை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தால் குழி இருக்கிற இடத்தில் தடுக்கும்.

கழற்றிய கிராங்கைச் சும்மா மாட்டிவிடாதீர்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கை பிரிந்து ஐந்து விரலாகப் போகிற மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கம்பன்யோலோ கிராங்கில் விரிசல் விழுகிற இடம் அதுதான். மயிரிழை தெரிந்தால் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், காலை வைக்காதீர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும்.

சீட் கம்பி: அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் பூத்து இறுகிவிடும். அடிக் கப்பு கழன்றதும் சைக்கிளைக் கவிழ்த்து அந்த வழியாக உள்ளே எண்ணெய் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் காஸ்டிக் சோடா இருக்கிறது, அது அலுமினியத்தைத் தின்னும், இரும்பைத் தொடாது, ஆனால் பெயிண்டையும் உங்கள் கையையும் விடாது, ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும். அது கடைசி வழி, அதுவும் திறந்த வெளியில்.

வருஷம் தெரிய வேண்டுமானால் டீரெய்லர் மட்டும் போதாது, அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். சக்கர ஹப்பின் நட்டுகளில் சிஏஎம் என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கம் பொறித்திருக்கிறதா பாருங்கள். அதுவும் 77, 78 என்று வந்தால் சைக்கிள் பிறந்தபடியே இருக்கிறது என்று நம்பலாம்.


மஞ்சள்ஹெல்மெட் எழுதியது:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? மணல் அடித்துச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். ஒரே நாள் வேலை, பத்து வருஷத்துக்குத் துரு எட்டிப் பார்க்காது. நான் என்னுடையதை மஞ்சளாக்கிவிட்டேன், சிக்னலில் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.


பலெர்மோ அண்ணை எழுதியது:

தம்பி, மணலும் வேண்டாம் பவுடரும் வேண்டாம். மஞ்சள்ஹெல்மெட் கோவிக்காதேங்கோ, உங்கட சைக்கிள் உங்கட விருப்பம்.

நான் பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஒரு கிழவரின் சைக்கிள் பட்டறையில் ஏழு வருஷம் வேலை செய்தேன். அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் விஷயம், குழாயின் நடுப்பகுதி எவ்வளவு மெல்லிசு என்பது. உங்கட ஸ்டிக்கரில் இருக்கிற கொலம்புஸ், குழாய் செய்கிற கம்பெனி; அவர்களின் எஸ்எல் ரகம் என்றால் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6. தெரியாதவன் கையில் மணல் குழாயைக் கொடுத்தால் அதையும் தேய்த்துவிடுவான். அதோடு குழாய்கள் சேருகிற இடத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்த உறைகள் இருக்கே, அதன் ஓரங்களைக் கைவினைஞர் அரத்தால் ராவி ராவிக் கத்தி விளிம்பு மாதிரி ஆக்கியிருப்பார். பவுடர் கோட்டிங் தடிப்பாக ஏறும். அந்த விளிம்பெல்லாம் அதற்குள்ளே புதைந்து போகும், தோசை மாவைக் கவிழ்த்து விட்டது மாதிரி.

பெயர் இல்லை என்று கவலைப்படாதேங்கோ. பியாங்கி, கொல்னாகோ, தெ ரோசா என்று உலகத்துக்குத் தெரிந்த பெயர்கள் கொஞ்சம்தான். அந்த நாளில் லொம்பார்தியாவில் ஊருக்கு ஊர் ஒரு தெலாயிஸ்தா இருந்தார், அதாவது ஃப்ரேம் கட்டுகிறவர். தையல்காரர் மாதிரி உடம்பை அளந்து கட்டித் தருவார். உங்களிடம் இருக்கிறது அப்படியான ஒன்றாக இருக்கலாம். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிப் பெரிய பெயர் வைக்கிற வேலையை மட்டும் செய்யாதேங்கோ, விக்கிறவனில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறான். அந்த அம்மாவிடம் கேளுங்கோ, யார் கட்டினது என்று. இணையத்தில் தேடுகிறதைவிட அதுதான் கெதியாக விடை தரும்.

துருவுக்கு: குரோம் பூசின இடத்தில் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணியில் நனைத்துத் தேயுங்கோ, நீங்களே நம்பமாட்டியள். பெயிண்ட் உரிந்த இடத்தில் துருவை மட்டும் மெல்லமாக எடுத்துவிட்டு மெழுகு பூசினால் போதும். வெளியில் தெரிகிற துரு சைக்கிளைக் கொல்லாது, உள்ளே இருக்கிறதுதான் கொல்லும். எல்லாம் கழற்றின நேரத்தில் குழாய்களுக்குள் லின்சீட் எண்ணெய் விட்டு ஃப்ரேமைப் புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, மிச்சத்தை வடித்துவிட்டு இரண்டு கிழமை காயவிடுங்கோ. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்குள் போடக்கூடாது. அது தானாகச் சூடேறிப் பற்றும், பகிடி இல்லை, எங்கட பட்டறையில் ஒரு வாளி எரிந்தது. தண்ணியில் ஊறவைத்து, விரித்துக் காயப் போட்டுத்தான் எறிய வேணும்.


வெள்ளைப்பாதை எழுதியது:

அண்ணை சொன்னதற்கு மேலே பெயிண்ட் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் டயர் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் யாரும் அதைத் தொடவில்லை, உங்களைக் கீழே தள்ளப்போவது அதுதான்.

1978 ரேஸ் சைக்கிள் என்றால் பெரும்பாலும் தூபோலாரே டயர்தான் இருக்கும். உள்ளே டியூபை வைத்துத் தைத்த முழு வட்டக் குழாய், ரிம்மில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இருபத்தைந்து வருஷப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். காற்று அடித்தால் நிற்கும், நேரே போனால் போகும், வளைவில் சாய்த்தீர்களோ டயர் ரிம்மை விட்டு உருண்டு கழன்றுவிடும். எனவே ஒரு தெருகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய பசையைச் சுரண்டி, புது டயரை முதலில் பசை இல்லாமல் மாட்டி இரண்டு நாள் இழுபட விட்டு, அப்புறம் ரிம்மிலும் டயரிலும் மஸ்திச்சே என்கிற டயர் பசையைப் பூசி ஒட்டுங்கள். முதல்முறை செய்யும்போது பசை தலைமுடி வரை ஏறும், பழைய பனியனைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் கட்டைகளும் கல்லாகியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சியெனாவில் படித்தபோது காயோலே இன் கியாந்தியில் அக்டோபரில் நடக்கிற லெரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். 1997-இல் தொடங்கியது, 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களுக்காக நடப்பது. கியர் லீவர் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து போக வேண்டும், பெடலில் காலை இறுக்குகிற வார் இருக்க வேண்டும். உங்கள் சைக்கிள் எதையும் மாற்றாமலே உள்ளே நுழையும். நீளமான 209 கி.மீ. பாதைக்காரர்கள் விடியுமுன்பே கிளம்பி, ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுகிற வழியில் வைத்திருக்கிற விளக்கு வெளிச்சத்தில் போவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை, 81 கி.மீ. பாதையில்தான் போனேன், அதிலும் பாதி மேடுகளை நடந்தே ஏறினேன். முன்னால் 42 பல், பின்னால் பெரியது 21 பல், கீழே வெள்ளைச் சரளை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது, உட்கார்ந்து மிதித்தால் முட்டி கழன்றுவிடும் போலிருக்கிறது. உங்கள் பின் டீரெய்லர் கம்பன்யோலோவின் நுவோவோ ரெக்கார்ட் மாடலாக இருந்தால் 26 பல் வரைக்கும் தாங்கும், அப்படியொரு ஃப்ரீவீல் தேடி வையுங்கள். பழைய ரெஜினா ஃப்ரீவீலைக் கழற்றும்போது இரண்டு காது வைத்த கருவியை ஹப்பின் நடுவே நுழைகிற இறுக்குக் கம்பியால் லேசாகப் பிடித்து வைத்துவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் காது முறிந்துவிடும். அப்புறம் அதை யாராலும் எடுக்க முடியாது.

வாரை இறுக்கிக்கொண்டு சிக்னலில் நிற்கப் போகாதீர்கள். நான் பல்கலைக்கழக வாசலில், நூறு பேர் பார்க்க, நின்ற இடத்திலேயே சரிந்தேன்.


லம்ப்ராத்தே எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

அளந்தேன், 70 மி.மீ. அலுவலக நண்பரின் மாமனார் கராஜில் வைஸ் இருந்தது. கப்பைக் கடிக்க வைத்து ஃப்ரேமை இரண்டு பேர் பிடித்துச் சுற்றினோம், முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஃப்ரேம்தான் போய்விட்டது என்று நினைத்தேன். கப்பு கழன்றிருந்தது. உள்ளே கிரீஸ் பழைய மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சளாக உறைந்திருந்தது, அதற்குள் குண்டுகள், மூன்று உடைந்து பாதியாகிவிட்டன. அச்சில் குழி இருக்கிறது, வேறு தேட வேண்டும். கிராங்கில் விரிசல் எதுவும் தெரியவில்லை, இரண்டு தடவை பார்த்தேன். ஹப் நட்டில் 77. சீட் கம்பி இன்னும் வரவில்லை, எண்ணெயில் ஊறுகிறது.

அண்ணை, பாட்டியிடம் கேட்டேன். பக்கத்து ஊரில் ஒரு முற்றத்தின் கோடியில் பட்டறை வைத்திருந்தவர் கட்டினாராம். கணவரைச் சுவரோடு நிற்க வைத்துக் கால், கை, தோள் எல்லாம் டேப்பால் அளந்ததும், தான் அதைப் பார்த்து, கல்யாண சூட்டுக்குக்கூட இவ்வளவு அளக்கவில்லையே என்று சிரித்ததும் நினைவிருக்கிறதாம். இப்போது அந்த முற்றத்தில் கார்கள் நிற்கின்றனவாம். கரும்பச்சை அவர் கேட்டு வாங்கிய நிறம். அதைக் கேட்ட பிறகு சுரண்டுகிற எண்ணமே போய்விட்டது. மஞ்சள்ஹெல்மெட் மன்னிக்கவும்.

இரண்டு சின்னக் கேள்வி. ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது முனைகளில் ஒயின் பாட்டில் கார்க்கை வெட்டி அடைத்திருந்தார், அது கழற்ற வேண்டியதா? முதல் ஓட்டம் எங்கே போகலாம்? நண்பர்கள் கிசால்லோ மலைக்கு, சைக்கிள்காரர்களின் மாதா கோயிலுக்குப் போ என்கிறார்கள்.


கோட்டமெடுப்பவன் எழுதியது:

கார்க் இருக்கட்டும், அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் அடைப்பார்கள். முனை திறந்து கிடந்தால் விழும்போது தொடையில் குத்தும், அதனால் கார்க் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடினால் வீட்டில் அடுத்த பாட்டில் திறக்கும்போது ஒன்று எடுத்து வையுங்கள்.

கிசால்லோவில் அந்தக் கால சாம்பியன்கள் கோப்பி, பார்த்தாலி ஓட்டிய சைக்கிள்கள் எல்லாம் கோயிலுக்குள்ளேயே தொங்குகின்றன, கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் ரயிலும் பஸ்ஸுமாகப் போய்ப் பாருங்கள். பெல்லாஜ்ஜோ பக்கமிருந்து ஏறுகிற அந்த மேட்டுக்கு உங்கள் பல்சக்கரம் இப்போதைக்குச் சரிப்படாது. வீட்டுப் பக்கத்திலேயே மர்தேசானா கால்வாய்ப் பாதை இருக்கிறது, தட்டையான தரை. கோர்கொன்சோலா வரை போய்த் திரும்புங்கள், ஆமாம், அந்தச் சீஸின் ஊர்தான். ஸ்பேனரும் ஆலன் கீயும் பையில் இருக்கட்டும். புதுசாகப் போட்ட கிராங்க் போல்ட் முதல் ஓட்டத்திலேயே தளரலாம், தளர்ந்தால் அங்கேயே நிறுத்தி இறுக்கிக்கொள்ளுங்கள்.