அப்பாயி குரல் இருந்த கேசட்

1992-ல் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த வீடியோ கேசட் இரண்டும் எங்கள் கும்பகோணம் வீட்டுப் பரணில்தான் இத்தனை வருஷமும் கிடந்தன. அப்பாவுக்கு எண்பது வயது. டிவிடி பிளேயரும் ரிமோட்டும் அவருக்குப் பழக்கம், போனில் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டார். அதனால் டிஸ்க்கில்தான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் தப்பை முதல் நாளே செய்தேன். ஒரு கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, டேப் சுற்றின் ஓரத்தில் கோலமாவு உதிர்ந்தது போல வெள்ளையாக இருந்தது. தூசி என்று நினைத்து, இரவல் வாங்கிய விசிஆரில் அப்படியே போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை, படம் முழுக்கப் புள்ளி. எடுத்துவிட்டு நன்றாக இருந்த இன்னொரு கேசட்டைப் போட்டாலும் அதே புள்ளி. வெள்ளையாக இருந்தது பூஞ்சை. விசிஆருக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் போய் அப்பிக்கொண்டுவிட்டது. உங்கள் கேசட்டில் அந்த வெள்ளை தெரிந்தால் தயவுசெய்து மெஷினில் போடாதீர்கள். மெஷினும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும்.

பழைய டிவி மெக்கானிக் ஒருவர் காப்பாற்றினார். பஞ்சு வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும் என்றார். நார் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, ஹெட் பொருத்தியிருக்கும் டிரம் மேல் லேசாக வைத்துத் துணியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் விரலால் சுற்றினார். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடுமாம். உடைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு புது மெஷின் வருவது நின்றுபோனது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பூஞ்சை பிடித்த கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. அதைக் கழற்றி, மொட்டை மாடியில் முகமூடி போட்டுக்கொண்டு, டேப்பைக் கையால் சுற்றச் சுற்றத் துடைத்தோம். ஒரு முழு மதியம் போனது.

அப்புறம் கம்ப்யூட்டர் வேலை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் டிவைஸில் சொருகி, அதை யுஎஸ்பியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டது. வயர் கோளாறு என்று ஒரு மணி நேரம் அலைந்தேன். சாஃப்ட்வேரில் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க வீடியோ முறை இருந்ததுதான் காரணம். நம் ஊர் கேசட் எல்லாம் பால் (PAL) முறை, விநாடிக்கு 25 ஃப்ரேம். மாற்றியதும் அக்காவின் அரக்குக் கூறைப்புடவை பளிச்சென்று வந்தது.

இதில் அவசரப்பட வழியே இல்லை. மூன்று மணி நேர கேசட் கம்ப்யூட்டருக்குள் போக மூன்று மணி நேரம்தான் ஆகும். கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், விசிஆர் தாங்காது. அதனால் அரை மணி அரை மணியாகப் பதிவு செய்தேன். 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் மூன்று மணி நேரத்தையும் திணித்துப் பார்த்தேன். கூட்டம் நகரும்போதெல்லாம் முகங்கள் கட்டம் கட்டமாகின. ஒன்றரை மணி நேரமாகப் பிரித்து இரண்டு டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் மனசுக்குத் திருப்தி. பதிவு செய்த ஃபைல்களை ஹார்டு டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன், கேசட்டையும் தூக்கிப் போடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலக் கல்யாண வீடியோவில் தொடக்கம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள், யார் பேசுவதும் கேட்காது. பந்தி காட்டும் இடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒன்பது விநாடி வெறும் இரைச்சல் வந்தது. வெட்டிவிடலாம் என்று ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

"மாப்ள வீட்டு இலைக்கு அப்பளம் வரல பாரு, ஓடு!"

அப்பாயி, அப்பாவின் அம்மா. 1998-ல் போய்விட்டாள். அவள் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை வாங்கி அவரே பின்னால் ஓட்டினார். நாலாவது தடவையில் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அப்பளக் கூடையோடு பாதி உடம்பு மட்டும் தெரிய ஓடுகிற பையன், இருபது வயதில் நான்.