உண்மையா, கருத்தா? மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கயல்அம்மா:
மகள் ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையா கருத்தா என்று எழுதச் சொல்லிப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். 'மாம்பழம்தான் ருசியான பழம்' என்பதற்குக் கருத்து என்று டக்கென்று எழுதிவிட்டாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தாத்தா சொல்லியிருக்கிறார், வகுப்பில் ஒரு பையன் விழும் என்கிறான், அப்போ அது தாத்தாவோட கருத்தா? என்ன சொல்வது?

தமிழாசிரியர்_திருச்சி:
கருத்து இல்லைங்க, தவறான தகவல். இரண்டே பெட்டி போட்ட இந்தத் தாள்களால் வரும் சிக்கலே இதுதான், பொய்யான தகவலை எந்தப் பெட்டியில் போடுவது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. 'இதைச் சரிபார்க்க வழி இருக்கா?' என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். விமானம் சுமார் 216 அடி, அளக்கலாம். ராஜராஜன் 1010-இல் பொற்கலசம் கொடுத்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது, படிக்கலாம். நிழலையும் போய்ப் பார்க்கலாம், பார்த்தால் விழத்தான் செய்கிறது. 'இதைவிட அழகான கோயில் இல்லை' என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? அதுதான் கருத்து.

கிரிக்கெட்_அப்பா:
சார் சொல்வது சரி. ஆனால் கருத்து என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள், அதையும் விடக்கூடாது. என் மகனுக்குச் சச்சின்தான் உலகிலேயே சிறந்த பேட்ஸ்மேன். ஏன் என்றேன். சர்வதேச ஆட்டங்களில் 100 சதம் என்றான். பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்று காட்டினேன். இரண்டு எண்ணும் உண்மை, யாரும் மறுக்க முடியாது, ஆனாலும் யார் சிறந்தவர் என்பது முடிந்தபாடில்லை. இப்போது காரணத்தோடுதான் சண்டைக்கு வருகிறான்.

கயல்அம்மா:
நன்றி. ஆனால் தாத்தா சொன்னது தப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மாமனார் மனசு கஷ்டப்படும்.

தமிழாசிரியர்_திருச்சி:
பொய் சொன்னார் என்று ஆக்கிவிடாதீர்கள், காதில் விழுந்ததை நம்பிச் சொல்லியிருக்கிறார். விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், சில மாதங்களில் உச்சிவெயில் நேரத்தில் அதன் நிழல் பெரும்பாலும் அதன் மேலேயே விழுந்துவிடும். பேச்சு அதிலிருந்துகூடக் கிளம்பியிருக்கலாம். இரண்டு பேரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு படம், சாயங்காலம் நாலரைக்கு ஒரு படம், அவளே போனில் எடுக்கட்டும்.