மூதூர் மாலை வகுப்புக்கு இணையத்தில் நிதி சேர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சங்கம் மூதூரில் இலவச மாலை வகுப்பு நடத்துகிறது. பேஸ்புக்கில் போட்டால் லைக் குவிகிறது, காசு வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: காசு அனுப்பும் வழி அதே பதிவில் இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறந்து, வங்கியிடம் லங்கா கியூஆர் (போனில் ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்பும் குறியீடு) கேளுங்கள். தனியாள் கணக்கு என்றால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். "உதவுங்கள்" என்று மொட்டையாக எழுதாமல், ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு செலவு, அதில் கொப்பிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

பதில் 2: கியூஆர் மட்டும் போதாது. போனில் பதிவைப் பார்ப்பவர் அதே திரையைக் கெமராவால் ஸ்கேன் பண்ண முடியாது. கணக்கு இலக்கம், வங்கி, கிளை மூன்றையும் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாகப் போடுங்கள், நகலெடுத்து ஒட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, அங்கிருந்து அனுப்பும்போது உங்கள் வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடும் வேண்டும். அனுப்பும்போது குறிப்பில் "மாலை வகுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எந்தக் காசு எதற்கு வந்தது என்று பிரிக்கவே முடியாது.

பதில் 3: வாட்ஸ்அப்பிலும் கேட்கலாம். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். உங்கள் இலக்கத்தைச் சேமித்திராதவருக்குச் செய்தி போகாது, முதலில் அதைச் சேமிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள். வாங்கிய கொப்பிகளும் பற்றுச்சீட்டும் போதும்.