தூண்டில் தக்கை ஆடுது, இழுத்தா வெறும் முள்ளு: சிலேபி மீனுக்கு புழு எப்படிக் கோக்கணும்?

வடசேரி_புதுசு:
வெளியூர் வேலைய விட்டுட்டு இப்பதான் ஊரோட வந்திருக்கேன். மாமாவோட தென்னந்தோப்புக்குள்ள ஒரு குளம் உண்டு. சிலேபியும் பனையேறிக் கெண்டையும் நல்லா கெடக்கு, கரையில நின்னாலே தெரியுது. ஆன்லைன்ல ஒரு தூண்டில் செட்டு வாங்கினேன். எலுமிச்சங்காய் தண்டிக்கு பிளாஸ்டிக் தக்கை, 4-ம் நம்பர் முள், நல்ல மொத்தமான நரம்பு. முழு மண்புழுவ கோத்துப் போட்டா தக்கை டொக்கு டொக்குன்னு ஆடுது, இழுத்தா வெறும் முள்ளுதான் வருது. புழு கோக்குறதுல ஏதும் பிசகா? பிள்ளைங்களும் கூட வரும், அதனால லேசான முறையா சொல்லுங்க.

பழையாத்துக்காரன்:
புழுவக் குத்தம் சொல்லாதீங்க தம்பி, தக்கைதான் பெருசு. அவ்வளவு தண்டி தக்கைய முக்கணும்னு சிலேபிக்கு என்ன தலையெழுத்தா? புழுவ வாயில வச்சதும் மேல ஏதோ பிடிச்சு இழுக்குற மாதிரி கனம் தெரிஞ்சா துப்பிட்டுப் போயிரும். முள்ளும் அதோட வாய்க்குப் பெருசு. நம்பர் கூடக் கூட முள் சிறுசாகும், 10 வாங்குங்க. நரம்பு 0.20 மில்லி போதும்.

தக்கைக்கு கடைக்கே போக வேண்டாம். தோப்புல மயில் உதிர்த்துட்டுப் போன இறகு கெடக்கும். அந்த வெள்ளைக் காம்புல அரைச் சாண் நறுக்கி, ரெண்டு முனையையும் நெயில் பாலிஷ் வச்சு அடைச்சிருங்க. சைக்கிள் வால்வு டியூப்ப மெல்லிசா வளையம் வளையமா வெட்டி, நரம்புல கோத்து, காம்புக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு மாட்டினா ஆச்சு. ஏத்தி எறக்க முடிச்சு அவுக்க வேண்டாம், தள்ளினாலே நகரும்.

ஈயம்தான் முக்கியம். முள்ளுல இருந்து ஒரு சாண் மேல குட்டி ஈயமா ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டே வாங்க. தக்கை நட்டமா நின்னு, நுனி ஒரு விரக்கடை மட்டும் வெளிய தெரியணும். படுத்துக் கெடந்தா ஈயம் பத்தல. அந்த அளவு வந்துட்டா மீன் மூச்சு விட்டாலே தக்கை காட்டிக் கொடுத்துரும். ஈயத்தப் பல்லால கடிச்சு அமுக்குற பழக்கம் நம்ம ஆளுகளுக்கு உண்டு, பிள்ளைங்க முன்னாடி அதச் செய்யாதீங்க. அது விஷம், குறடு வச்சு அமுக்குங்க.

அடுத்து ஆழம். முள்ளுல கனத்த போல்ட் நட்டு ஒண்ண மாட்டி எறக்கிப் பாருங்க. தக்கை முங்கிப் போனா ஆழம் இன்னும் இருக்கு, தக்கைய மேல தள்ளுங்க. படுத்துக்கிட்டா நரம்பு கூடிப் போச்சு, கீழ தள்ளுங்க. அடி தெரிஞ்சதும் அதுல இருந்து அரைச் சாண் மேல புழு நிக்குற மாதிரி வச்சா சிலேபிக்கு சரி.

இனி புழு. அழுகுன வாழைத்தடையப் பொரட்டினா ஈரத்துல சிவப்புப் புழு கெடக்கும், மெல்லிசா இருக்கதுதான் நல்லது. சிரட்டையில அந்த மண்ணோடயே போட்டு, மேல வாழையிலைத் துண்டு மூடி நிழல்ல வைங்க. வெயில் பட்டா செத்துரும், செத்த புழு நெளியாது. பாதியா கிள்ளி, அறுத்த முனையில முள்ள நுழைச்சு, கோவணம் அவுந்த மாதிரி தொங்க விடாம, முள்ளோட வளைவு தாண்டி தண்டு வரைக்கும் ஏத்துங்க. வால் ஒரு விரக்கடை மட்டும் வெளிய கெடந்து துடிச்சா போதும். நீங்க முழுப் புழுவ மாட்டினா தொங்குறத அது கடிச்சுத் தின்னுட்டுப் போகும், முள் பக்கம் வரவே வராது.

டொக்கு டொக்குன்னு ஆடும்போது இழுக்கப்பிடாது. சிலேபி தக்கைய ஒரு பக்கமா நகத்திட்டுப் போகும், அப்ப மணிக்கட்ட மட்டும் வெடுக்குன்னு சுண்டுங்க. பனையேறி நேரா கீழ கொண்டு போகும். அத முள்ளுல இருந்து எடுக்கும்போது செவுள் மூடி பத்திரம், ரம்பம் மாதிரி கீறிரும். ஈரத்துணி வச்சுப் பிடிங்க.

மணக்குடி_காயல்:
அண்ணாச்சி சொன்னது குளத்துக்குச் சரி. காயல்ல கரிமீனுக்கு 12-ம் நம்பர் முள் இல்லாம நடக்காது, அதோட வாய் அவ்வளவுதான். தண்ணி ஏறும்போது ஆழம் மாறிக்கிட்டே இருக்கும், தக்கையத் தள்ளிக்கிட்டே இருக்கணும். உயிர் எறா கெடைச்சா வால் பக்கம் ஒரு கணு விட்டு முள்ளக் குத்துங்க. தலையில குத்தினா அப்பவே செத்துரும். எறா மாட்டும்போது ரெண்டு சைஸ் பெரிய முள்ளா போடுங்க, வேற மீனும் வரும்.

வடசேரி_புதுசு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மைதா உருண்டைதான் லேசுன்னு ஒருத்தர் சொன்னாரு, அதப் போடலாமா? அப்புறம் பிள்ளைங்களோட தேரூர் குளத்துக்குப் போலாமா?

பழையாத்துக்காரன்:
மைதா தண்ணியில கரைஞ்சு போகும், நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்து எடுத்து மாட்டணும், பிள்ளைங்களுக்கு சலிச்சுரும். சிலேபி வரும், வராதுன்னு சொல்லல. பனையேறிக்கு புழுதான்.

தேரூரு வேண்டாம். சுசீந்திரம் தேரூர் குளங்க பறவைங்க வந்து தங்குற எடம், 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்துருக்கு. மத்த குளங்கள்லயும் மீன் குத்தகை இருக்கான்னு விசாரிச்சுட்டு முள்ளப் போடுங்க, இல்லன்னா குத்தகைக்காரன் கேக்குற கேள்விக்கு பதில் சொல்ல முடியாது. மாமா குளம் கைல இருக்கும்போது வேற எங்க போகணும்?

சிலேபி எவ்வளவு பிடிச்சாலும் யாருக்கும் நட்டமில்ல. 1952-ல வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டது, இப்ப நம்ம மீனையெல்லாம் நெருக்கிட்டுக் கெடக்கு. சின்னதையும் வறுத்திருங்க. ஆனா கறுப்பா, மீசையோட மெல்லிசா ஒண்ணு வந்தா தேளி மீன், பிள்ளைங்க கை வைக்க விடாதீங்க. குத்தினா கடுக்குற கடுப்பு சாமானியமில்ல. தாங்குற சூட்டுக்கு வெந்நீர்ல கைய முக்கி வச்சா குறையும், குறையலன்னா ஆஸ்பத்திரி. அது மாட்டினா தூண்டில் நரம்ப அறுத்து மீன விட்டுருங்க, ஒரு முள் போனா போகட்டும்.